சாமான் அறையில் தொடங்குங்கள்

கேள்வி: கவின்கலைக் கல்லூரி ஒன்றில் பத்து வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் பருவத்திலிருந்து ‘கலை நிர்வாகம்’ என்று ஒரு விருப்பப் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். கேலரி, அருங்காட்சியகம், கண்காட்சி வேலைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டுமாம். எனக்குத் தூரிகை பிடிக்கத்தான் தெரியும். பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதவே தயங்குவார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது? இதை நம்பிப் போனால் அவர்களுக்குப் பிழைப்பு இருக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள சகோதரி,

தூரிகை பிடிக்கத்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து வருடத்தில் எத்தனை ஆண்டுவிழாக் கண்காட்சி வைத்திருப்பீர்கள்! எந்தப் படம் எந்தச் சுவருக்கு என்று முடிவுசெய்தது, படங்களுக்குச் சட்டம் (ஃப்ரேம்) போடுகிறவரிடம் கடன் சொன்னது, திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது, முடிந்த பிறகு ஒவ்வொரு படத்தையும் உரியவரிடம் சேர்த்தது எல்லாம் நீங்கள்தானே? கலை நிர்வாகம் என்பது அதுதான். இனி அதைத் தாளில் எழுதி, முறையாகச் செய்யப் பழக்கப்போகிறீர்கள்.

நம் ஓவியர்களுக்கு இது அந்நியமான வேலையும் இல்லை. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சிற்பிகளும் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை எப்படி உண்டாக்கினார்கள்? பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். சங்கம், கணக்கு, விற்பனை, கண்காட்சி எல்லாம் படம் வரைந்த அதே கைகள் பார்த்தவை. முதல் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். ‘வரைய வராதவன்தான் நிர்வாகத்துக்குப் போவான்’ என்று பிள்ளைகள் மனதில் இருக்கும் எண்ணம் முதலில் போகவேண்டும்.

சரி, பாடத்துக்கு வருவோம். புத்தகம் தேடாதீர்கள். உங்கள் கல்லூரியிலும் ஒரு சாமான் அறை இருக்கும். பழைய மாணவர்களின் படங்கள் சுவரோரம் சாய்த்து வைத்து, மேலே உடைந்த நாற்காலி ஏற்றி, யாரும் திறக்காமல் கிடக்கும். ஒரு பருவம் முழுவதற்கும் அந்த அறை போதும்.

ஒரே ஒரு கேன்வாஸை வெளியே எடுத்து மேசைமேல் பழைய பருத்திப் புடவை விரித்து வையுங்கள். நான்கு பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். முதலில் நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் கைபேசி டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், பரப்பை ஒட்டினாற்போல் பிடிக்கட்டும். அப்போது வேறொரு படம் தெரியும். வண்ணம் செதிலாக எழும்பி நிற்கும் இடம், எதுவோ இடித்த பள்ளம், கீழ் மூலையில் பூஞ்சை படர்ந்த வெள்ளைப் பூச்சு. திருப்பிப் பார்த்தால் மரச்சட்டத்தில் துருப்பிடித்த ஆணிகள், பென்சிலில் ஒரு பெயர், ஒரு வருடம். கண்டதையெல்லாம் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி, படம் பிடித்துச் சேர்த்தால் அதுதான் கண்டிஷன் ரிப்போர்ட். அதன் பிறகு அந்தப் படத்துக்கு ஓர் எண். சேர்ந்த வருடம், வரிசை என்று கொடுத்தால் போதும். காகித ஓவியமானால் பின்புறம் மெல்லிய பென்சிலில் எழுதலாம். பால்பாயின்ட் வேண்டவே வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும். கேன்வாஸானால் துணியில் எழுதாமல் மரச்சட்டத்தில் எழுதவேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குடும்பத்திடம் இரவல் வாங்கிய ஓவியம் ஒன்றைக் கண்காட்சி முடிந்து திருப்பிக் கொண்டுபோனோம். மேல் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். வரும்போதே இருந்ததா, எங்களிடம் விழுந்ததா? சொல்ல ஒரு தாள் இல்லை. அந்த வீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் படத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அடுத்த முறை கேட்டபோது தரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆங்கிலத்தை நினைத்து நீங்களும் பிள்ளைகளும் கலங்க வேண்டாம். இந்த ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வருபவை ஐம்பது அறுபது சொற்கள்தான். ஸ்க்ராட்ச், ஸ்டெயின், டேர், ஃப்ளேக்கிங் (வண்ணம் செதிலாக எழும்புவது), ஃபாக்ஸிங் (பழைய காகிதத்தில் விழும் பழுப்புப் புள்ளிகள்) என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சாமான் அறையிலிருந்தே ஒரு உதாரணத்தைத் தொட்டுக் காட்டினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். இரவல் கேட்கும் கடிதம், நன்றிக் கடிதம், விலை விசாரிப்பு என்று நான்கைந்து மின்னஞ்சல்களும் அப்படித்தான். இன்னொரு பக்கமும் பாருங்கள். நம் ஊர் கேலரிகளில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைத் தமிழில் படித்திருக்கிறீர்களா? பல இடங்களில் தமிழே கிடையாது. இருந்தாலும் பல நேரம் மொழிபெயர்ப்பு நெடி அடிக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி ஐம்பது சொல்லில் தமிழ்க் குறிப்பு எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது. அது உங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளால் முடியும்.

அப்புறம் ஒரு வகுப்பு கணக்குக்கு. பத்தாயிரம் ரூபாயில் இருபது படக் கண்காட்சிக்கு வரவுசெலவு போடச் சொல்லுங்கள். ஆட்டோ கூலியையும் டீயையும் மறந்துவிடுவார்கள், பாருங்கள். ஒரு வகுப்பு வெளிச்சத்துக்கு. நீர்வண்ணத்துக்கும் காகித வேலைகளுக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை என்பது அருங்காட்சியகங்களில் உள்ள வழக்கம். கைபேசிச் செயலியிலேயே தோராயமாக அளந்து பார்க்கலாம். காப்புரிமை (காப்பிரைட்) போன்ற சட்ட விஷயங்களுக்கு ஒரு வகுப்பு கட்டாயம் வேண்டும். படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை காப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு. இது தெரியாமல் ஏமாறும் இளைஞர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனால், அங்குள்ள ரவி வர்மா ஓவியங்களின் முன் நிறுத்தி, அவர் படங்களை ஏன் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது என்று தொல்பொருட்கள், கலைச் செல்வங்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லுங்கள். அதே வளாகத்தில் செப்புத் திருமேனிகளை அரிக்கும் நோயைத் தீர்க்க 1930-இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பிழைப்பு இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் கதவுகள் குறைவு. அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். கல்வித் தகுதியை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே படிக்க விரும்புகிறவருக்கு பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது. தனியார் கேலரிகள், ஏல நிறுவனங்கள், சென்னைக்கு அருகிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம் போன்ற இடங்கள், கொச்சி பினாலே போன்ற பெரிய கண்காட்சிகள் இவற்றில் படம் மாட்டும் குழு, பதிவேடு, பார்வையாளர் வழிகாட்டி என்று நுழைவு வேலைகள் உண்டு. முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் கைக்கும் வாய்க்குமாகத்தான் இருக்கும். வீட்டுப் பொறுப்பு உள்ள பிள்ளையிடம் இதை மறைக்காதீர்கள். பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டே விடுமுறையில் கண்காட்சி வேலை செய்வதும் நல்ல வழிதான்.

பயிற்சிக்கு அனுப்பும்போது ஒன்றில் கறாராக இருங்கள். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்கூடத் தராத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அவர்களால் வாய்விட்டுக் கேட்க முடியாது. கல்லூரித் தாளில் நீங்கள் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பயிற்சி முடிந்ததும் என்னென்ன செய்தார் என்று ஒரு சான்றும் கேட்டு வாங்குங்கள்.

பருவ முடிவில், எண் போட்ட படங்களில் இருபதைத் தேர்ந்து, பிள்ளைகளே ஒரு கண்காட்சி வைக்கட்டும். படத்தின் பின்னால் இருக்கும் பெயர்களைத் தேடிப்பிடித்து, அந்தப் பழைய மாணவர்களை அழையுங்கள். அவர்களில் யாராவது இன்று ஒரு கேலரியிலோ அச்சகத்திலோ இருப்பார். உங்கள் பிள்ளைகளுக்கு முதல் அறிமுகம் அங்கேதான் கிடைக்கும்.

அறையைத் திறக்கும் நாளில் ஜன்னல்களையும் திறந்துவிட்டு, எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பூஞ்சை மூச்சுக்குள் போனால் இருமல் லேசில் விடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அன்றைக்குப் பதிவேடு எழுதும் வேலையை வெளியே வராந்தாவில் கொடுங்கள்.