பூர்வபக்ஷத்தைத் தாண்டிப் படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தமிழ் மீடியத்தில் படித்தவன், சமஸ்கிருதம் தெரியாது. எல்லாம் ஒன்றே என்கிற அத்வைதத்தைச் சொல்லும் விவேகசூடாமணி முடித்துவிட்டு, பிரம்மசூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய உரையை, அந்த பாஷ்யத்தைத் தமிழில் ஆரம்பித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எதிராளிதான் பேசுகிறான். சாங்கியன் இப்படிச் சொல்கிறான், பௌத்தன் அப்படிச் சொல்கிறான் என்று படித்துப் படித்துக் குழப்பம்தான் மிச்சம். எதிராளி கட்சியான பூர்வபக்ஷத்தை விட்டுவிட்டு, சங்கரர் முடிவாகச் சொல்லும் சித்தாந்தத்தை மட்டும் படித்தால் போதாதா? சமஸ்கிருதம் கற்றே ஆகவேண்டுமா? குரு இல்லாமல் படிப்பது தவறா? விவேகசூடாமணி சங்கரர் எழுதியதில்லை என்று நண்பர் சொல்கிறாரே, உண்மையா? எதை முதலில் படிப்பது? வீட்டிலும் ஆதரவில்லை. "எல்லாம் ஒண்ணுன்னா நீங்க எதுக்குத் தனி ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படிக்கறீங்க?" என்று மனைவி கேலி செய்கிறாள். எல்லாம் மாயை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வயதையும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரம் நானே பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில்தான் கிடந்தேன். இல்லாவிட்டால் பதில் இத்தனை சீக்கிரம் வந்திருக்காது.

விவேகசூடாமணி யார் எழுதியது என்று ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளாக அடித்துக்கொள்கிறார்கள், சங்கரருடையதல்ல என்பதற்கு வலுவான வாதங்கள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். படித்தீர்கள், பிடித்தது, நல்லது. சமஸ்கிருதம் தெரிந்தால் சௌகரியம், தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. நம் பக்கத்து மலையாள வீடுகளில் அந்தி விளக்கு வைத்து ஹரிநாமகீர்த்தனம் சொல்வார்களே, 'ஒன்னாய நின்னெயிஹ ரண்டென்னு கண்டளவில்' என்று, ஒன்றான உன்னை இரண்டாகக் கண்டதில் வந்த துயரம் சொல்லி மாளாது என்று அதில் ஒரு பாட்டு. அதைச் சொல்லும் பாட்டிகள் யாரும் பாணினியின் சமஸ்கிருத இலக்கணம் படித்தவர்கள் இல்லை. அதை எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த குருமடம் சோகநாசினி ஆற்றங்கரையில், சித்தூரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள். சரி.

எனக்குக் கோபம் வந்தது ஒரே இடத்தில்தான். பூர்வபக்ஷத்தைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டீர்களே, அங்கே.

இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில், அதாவது முதல் கால் பகுதியில், 21ஆம் சூத்திரம் வரைக்கும் போயிருக்கிறீர்களா? உடம்பெடுத்த ஜீவனும் பிரம்மமும் ஒன்று என்கிறாய், அப்படியானால் இந்த உலகத்தைப் படைத்தது ஜீவன்தானே, பிறப்பு, கிழத்தனம், நோய், சாவு என்று தனக்கே கெடுதலாக ஏன் படைத்துக்கொண்டான் என்று எதிராளி கேட்கிறான். அதோடு விடவில்லை. யாருக்கும் அடிமையாக இல்லாத ஒருவன் தனக்குத்தானே சிறைச்சாலை கட்டி அதற்குள் போய் உட்காருவானா என்கிறான். இந்த வரியை எழுதியது யார்? எதிராளி இல்லை. சங்கரர். தன்னுடைய சித்தாந்தத்தைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கும் கேள்வியை அவரே உட்கார்ந்து யோசித்து, உவமையும் தேடி, எதிராளியின் வாயில் வைத்திருக்கிறார். அடுத்த சூத்திரத்தில் பதில் வருகிறது. படைக்கிற பிரம்மம் உடம்புக்குள் தன்னை அடைத்துக்கொண்ட ஜீவனைவிட அதிகம், அந்த வித்தியாசம் அறியாமையால் வந்தது, 'அது நீ' என்று தெரிந்த நிமிஷத்தில் இவனுடைய ஜீவத்தன்மையும் போய்விடும், அதனுடைய படைப்புத் தொழிலும் போய்விடும் என்கிறார். அந்தச் சிறைச்சாலை உங்களை நாலு நாள் தூங்கவிடாமல் செய்திருக்காவிட்டால் இந்தப் பதிலில் என்ன இருக்கிறது? 'படைப்பும் போய்விடும்' என்பதை வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு, தாமரைப்பூப் படத்தோடு அனுப்பலாம். அவ்வளவுதான்.

எனக்கு பாஷ்யம் சொல்லித்தந்தவர் சித்தூரில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சாயங்காலம் மில் திண்ணையில் உட்காருவோம். முதல் நாளே வாதத்துக்காக என்னை சாங்கியனாக்கிவிட்டார், உலகம் ஜடமான மூலப்பொருளிலிருந்து வந்தது என்கிற கட்சி. இன்னொரு பையன் மீமாம்சகன், வேதச் சடங்குக் கட்சி. வேதம் என்பதே 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று சொல்லத்தான், சும்மா இருக்கிற பிரம்மத்தைப் பற்றிச் சொல்லி என்ன லாபம் என்று அவன் பாவம் மழைக்காலம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தான். என் கட்சி, அறிவுள்ள பிரம்மத்திலிருந்து அறிவில்லாத கல்லும் மண்ணும் எப்படி வரும் என்பது. பாஷ்யத்தில் அதற்குப் பதில், அறிவுள்ள மனிதனிடமிருந்து அறிவில்லாத முடியும் நகமும் வரவில்லையா என்று. நான் விடவில்லை. முடி வருவது உடம்பிலிருந்துதானே, உடம்பும் ஜடம்தானே என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்று எழுந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பதிலோடு வருவார் என்று பார்த்தால், "நேத்து சொன்னது போராது, இன்னும் பலமா சொல்லு" என்றார். அப்புறம் பாஷ்யத்தைத் திறந்து காட்டினார். என் ஆட்சேபத்தை சங்கரரே அதே இடத்தில் எழுதி வைத்திருந்தார், என்னைவிட நன்றாக. அன்றைக்கு வந்த வெட்கத்தைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு எந்தப் படிப்பிலும் கிடைக்கவில்லை.

சங்கரர் சாதுவாக, எல்லாரையும் அணைத்துக்கொண்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் பாதத்தில் பௌத்தத்தை மணலில் தோண்டிய கிணறு என்கிறார், தொடத் தொடச் சரிகிறதாம். அவருக்கு ஜெயிக்க வேண்டும். 1924இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் நாராயண குரு சர்வமத மாநாடு கூட்டியபோது, வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும் என்று எழுதி வைத்தாரே, அந்த மனசு வேறு. எனக்கு குருவின் வழிதான் பிடிக்கும். ஆனால் படிப்பு என்று வந்தால், ஜெயிக்க வந்த மனுஷன்கூட எதிராளியை நோஞ்சானாக்கி நிறுத்தவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் அவனைக் கூப்பிடாமலே ஜெயிக்கப் பார்க்கிறீர்கள்.

இப்போது உங்கள் மனைவி. தம்பி, அவர் கேட்டது கேலி இல்லை. சிறைச்சாலை வந்த அதே முதல் பாதத்தில் 13ஆம் சூத்திரத்தைப் பாருங்கள். எல்லாம் பிரம்மமே என்றால் அனுபவிப்பவன், அனுபவிக்கப்படுவது என்ற பிரிவு என்னாகும், தேவதத்தன் சாப்பிடுகிறவன், சோறு சாப்பிடப்படுவது என்று உலகத்துக்கே தெரியுமே என்கிறான் எதிராளி. உங்கள் வீட்டில் தேவதத்தனுக்குப் பதில் நீங்கள், சோற்றுக்குப் பதில் சாத்தின கதவு. சங்கரர் முதலில் கடலைக் காட்டுகிறார். நுரையும் அலையும் தண்ணீரே, ஆனாலும் நுரை அலையாகிவிடுவதில்லை. அந்தப் பதிலே போதும் என்றும் அவர் நினைக்கவில்லை, உலக வழக்கை ஒத்துக்கொண்டு சொன்னது அது என்று அடுத்த சூத்திரத்தில் இன்னும் ஆழத்துக்குப் போகிறார். இத்தனை பெரிய மனுஷன் இரண்டு சூத்திரத்துக்கு உட்கார்ந்து பதில் சொன்ன கேள்வியை அந்தப் பெண் பாஷ்யம் படிக்காமலே கேட்டிருக்கிறார். நீங்கள் என்ன செய்தீர்கள்? மாயை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். அந்த 14ஆம் சூத்திரத்திலேயே, பிரம்மமே தான் என்ற அறிவு வரும்வரை எல்லா விவகாரமும் சத்தியம்தான், விழிக்கும்வரை கனவு சத்தியமாக இருப்பது போல, என்று இருக்கிறது. உங்களுக்கு அந்த அறிவு வந்துவிட்டதா? வரவில்லையென்றால் வீட்டுச் சண்டையும் சத்தியம், சண்டைக்குக் காரணமும் சத்தியம். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் மாயையைக் கூப்பிடுவது வேதாந்தம் இல்லை, சோம்பேறித்தனம். கதவைத் திறந்து வைத்துப் படியுங்கள். அவர் கேட்கக் கேட்க பதில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குரு வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போதைக்கு என் பதிலும் இதுதான்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பிரம்மசூத்திரத்தை மூடி வையுங்கள், உங்களுக்கு அது இப்போது வேண்டாம். மாண்டூக்ய உபநிஷத்து 12 மந்திரம்தானே என்று அதில் கையை வைக்காதீர்கள், அதற்கு கௌடபாதர் எழுதிய காரிகை ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதத்தை எடுங்கள். மொத்தம் 293 பாட்டு, தமிழ், யாரும் உங்களுக்கு மொழிபெயர்த்துத் தரவேண்டியதில்லை. இரண்டாம் பாகம் 'சந்தேகம் தெளிதற் படலம்', முழுக்க சீடன் கேட்பதும் குரு சொல்வதும்தான். பாட்டில் சீடன் கேட்பதோடு நிறுத்தி, பதிலை ஒரு நாள் கழித்துப் படியுங்கள். அது முடிந்ததும் சாந்தோக்ய உபநிஷத்து ஆறாம் அத்தியாயம், பாஷ்யத்தோடு. ஸ்வேதகேதுவுக்கு அப்பா 'அது நீ' என்று ஒன்பது தடவை சொல்கிறார். நடுவில் பையன் 'இன்னும் சொல்லுங்கள்' என்று மட்டும்தான் கேட்பான், என்ன சந்தேகத்தில் கேட்டான் என்பதை சங்கரர்தான் ஒவ்வொரு இடத்திலும் எடுத்துக் கொடுப்பார். அந்த இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்காதீர்கள். தூங்கி எழுந்து படித்தால் போதும்.