உழும்போது நின்ற மினி டிராக்டரை விற்பதற்கு முன்னால்

கேள்வி இதுதான்: 24 எச்.பி. மினி டிராக்டர், ரோட்டாவேட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ரேஸ் குறைந்து நின்றுவிட்டது. இப்போது செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்தான். பேட்டரி புதுசு. உள்ளூர் மெக்கானிக் 'எஞ்சின் போயிருச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க' என்கிறார். என்ன செய்யலாம்?

இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து இன்னொரு முறை செல்ஃப் அடிக்காதீர்கள். வேறு வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்று கட்டாயம் யாராவது யோசனை சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள். நான் கேட்டதால் என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பவன். மிளகாயும் கொஞ்சம் நெல்லும், எல்லாம் வானம் பார்த்த விவசாயம். எங்கள் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்னால் புழுதியாக உழுது விதைத்துவிட வேண்டும், அந்த ஒரு மாதத்தில் டிராக்டர் நின்றால் வருசமே நின்றது மாதிரி. சில வருசங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று சிலிண்டர் வண்டியில் உழுதுகொண்டிருந்தேன். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டுத் தானாகக் கீழே இறங்கியது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு சால் ஓட்டினேன். முள் இறங்கியதற்குக் காரணம் வேறு. அந்த சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும், தண்ணீர் வற்றிப்போய் அது வெறும் ஆவியில் நின்றால் முள் இறங்கிவிடும். சிவப்பைத் தொட்ட முள் சட்டென்று இறங்கினால் உள்ளே தண்ணீரே இல்லை என்று எடுத்துக்கொண்டு வண்டியை உடனே நிறுத்துங்கள். இதை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த எஞ்சின் தப்பித்திருக்கும்.

நின்றதும் ஆற விட்டு, சாயங்காலம் ரேடியேட்டரை நிரப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் செல்ஃப் அடித்தால் உங்களுக்கு வந்த அதே 'டக்'. மச்சான் அவன் வண்டியைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தான். பத்தடி கூடப் போகவில்லை, உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) எரிந்திருந்ததால் ராத்திரி முழுக்க ரேடியேட்டர் தண்ணீர் இரண்டாவது சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் அதை கிரேங்க்கோடு (எஞ்சினின் சுழல் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. கேஸ்கட்டை மாற்றி ஹெட்டை மட்டம் பிடிப்பதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு எஞ்சினையும் இறக்குவதில் போய் நின்றது.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். முதலில் பேட்டரி முனை இரண்டையும், சேசிஸில் மாட்டியிருக்கும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். கடல் காற்றில் அங்கே பச்சையாகப் பூத்துவிடும், பேட்டரி எவ்வளவு புதுசாக இருந்தாலும் கரண்ட் போகாது. அதற்கப்புறம் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலோ, அளவுக்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அடியில் உள்ள ஆயில் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள், தண்ணீர் கனமானது என்பதால் முதலில் அதுதான் சொட்டும்.

அடுத்ததுதான் முக்கியம். கியரும் பி.டி.ஓ.வும் (ரோட்டாவேட்டரைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டு) நியூட்ரலில் இருக்கட்டும், எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் நாப்பை இழுத்து வையுங்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் முன்னால் பெல்ட் ஓடும் கிரேங்க் புல்லியின் நடுவில் இருக்கும் போல்ட்டில் நீளமான கைப்பிடியோடு பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். கம்ப்ரஷன் வரும் இடத்தில் கனக்கும், பிறகு விட்டுக்கொடுக்கும், அது நல்ல அறிகுறி. சுவரில் முட்டியது மாதிரி நின்றால் அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு (ஹீட்டர் பிளக் இருக்கும் எஞ்சினாக இருந்தால் அதைக் கழற்றினாலும் போதும்) மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. முழுசாக இரண்டு சுற்று தடையில்லாமல் வந்தால் எல்லா சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரஷனுக்கு வந்து போய்விட்டது என்று அர்த்தம், பிஸ்டன் பிடிக்கவில்லை. கையால் நன்றாகச் சுற்றுகிறது, நாசிலில் தண்ணீரும் இல்லை, ஆயிலும் சுத்தம் என்றால் கோளாறு ஸ்டார்ட்டர் பக்கமாகவே இருக்கலாம். டீசல் வராமல் நின்றிருந்தாலும் ஃபில்டரில் தண்ணீர் வடித்து ஏர் எடுத்தால் (டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்) சரியாகிவிடும், ஆனால் அந்தக் கோளாறில் செல்ஃப் சுற்றும், உங்களுக்கு அது சுற்றவே இல்லை.

நாசில் கழற்றியும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் லைனரை (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் குழாய்) பிடித்திருக்கும், இல்லை பேரிங் ஒட்டியிருக்கும். பிஸ்டன் அலுமினியம், லைனர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால்தான் தண்ணீர் வற்றினால் முதலில் பிடிப்பது பிஸ்டன்.

என் வண்டியின் ஹெட்டைக் கழற்றிக் குப்புறப் போட்டபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் போகும் ஓட்டைகள் விரல் நுழையும் அளவு இருக்க வேண்டியவை, வெள்ளை வெள்ளையாகக் காரை கட்டி அதில் ஒரு ஈர்க்குச்சிதான் நுழைந்தது. வாட்டர் பம்ப் ஓரமெல்லாம் அரித்துக் குழி குழியாக இருந்தது. வயதான மெக்கானிக் அவர், ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் காரையைச் சுரண்டிக்கொண்டே "தம்பி, இதுல என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்றார். "போர் தண்ணிதாண்ணே" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

குடிக்கும் தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர் எங்களுடையது, டிராக்டருக்கு நல்ல தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனம் வராது. ஆனால் எங்கள் போரில் வரும் உப்புத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு ஹெட்டுக்குள் படிகிறது, உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. அந்த எஞ்சின் ஆவணியில் ஒரே நாளில் போனதாக ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் மூன்று வருசமாக நானே தினமும் வாளியில் ஊற்றிக் கெடுத்திருக்கிறேன். வெளிப்பக்கம் ஆடிக் காற்றின் புழுதியும் கருவேலம் இலையும் சேர்ந்து ரேடியேட்டர் கண்ணை அடைத்திருந்தன, உள்ளே காரை. எங்கிருந்து சூடு வெளியே போகும்?

விற்பதா, சரி செய்வதா? ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். ஓடாத டிராக்டருக்கு இரும்பு விலைதான் சொல்வார்கள், வாங்குகிறவர் அதே ஹெட்டைக் கழற்றிப் பார்த்து லாபம் பார்ப்பார். பிளாக்கில் விரிசலோ, ராட் குத்திய ஓட்டையோ இருந்தால் மட்டும் வேறு எஞ்சின் தேடுவதையோ விற்பதையோ யோசிக்கலாம். கிரேங்க் லேசாகக் கோடு விழுந்திருந்தால் கிரைண்டிங் செய்து 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போட்டுக்கொள்ளலாம். உங்கள் மாடலுக்கு பிஸ்டன் செட்டும் கேஸ்கட் செட்டும் கையில் கிடைக்கிறதா என்று மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சின்ன வண்டிகளில் சில மாடலுக்குப் பொருள் வர நாளாகும், எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பது கொடுமை.

வேலை நடக்கும்போது கூடவே இருங்கள். ஹெட்டைப் பட்டறையில் மட்டம் பிடித்த பிறகு ஸ்கேலை வைத்து உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும், 'கைக்கணக்கு போதும்ணே' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரேடியேட்டரையும் சேர்த்துக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் இதே வழியில் போகும். சூட்டைப் பார்த்துத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்பார்கள், அதைக் கேட்டு எடுத்துவிடாதீர்கள், எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் தேய்மானம் அதிகம்.

விதைப்பு நெருங்குகிறதே என்று மெக்கானிக்கை விரட்டவும் வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதியலாம். சீசனில் கூட்டம் இருக்கும் என்பதால் இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

இப்போது நான் கடையில் வாங்கும் ரெடிமேடு கூலன்ட் மட்டும்தான் ஊற்றுகிறேன், அவசரத்துக்கு வண்டியிலேயே ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் கிடக்கும். புழுதி உழவில் தினமும் மத்தியானம் எஞ்சினை நிறுத்தி, ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ரேடியேட்டருக்குக் காற்று அடிப்பேன். கரையில் வள்ளம் இழுக்கும் என் சித்தப்பா மகன் வண்டியில் ரேடியேட்டர் தகடுகள் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டன, கடல் பக்கம் வண்டியை இறக்குகிறவர்கள் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

நாளைக்குக் காலையில் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கருத்தில் எழுதுங்கள். சுற்றியதா, நாசில் ஓட்டையில் என்ன வந்தது, ஆயில் என்ன நிறம் என்று தெரிந்தால் ஹெட்டோடு முடியுமா, முழுசாக இறக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.