பலர் சேர்ந்து பாடும்போது ஏன் அழுகை வருகிறது?

கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துக்கப் பாட்டைப் பற்றியவை. தரங்கம்பாடிப் பக்கத்தில் சர்ச் பாடகர் குழுவில் பாடியும், பிள்ளைகளைப் பழக்கியும் வாழ்ந்தவள் நான். எனக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இரண்டு கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தை மாதம் அப்பா காலமானார். கொள்ளி வைத்ததிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. போன மாதம் நண்பன் மொபைலில் மொசார்ட்டின் ரெக்வியம் (இறந்தவர்களுக்கான வழிபாட்டில் பாடும் இசை) போட்டான். அதில் 'லாக்ரிமோசா' என்ற பகுதி. ஒரு வார்த்தை புரியவில்லை. தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். நாங்கள் சைவக் குடும்பம். 'பெத்த அப்பாவுக்கு அழாதவர், யாரோ வெள்ளைக்காரன் பாட்டுக்கு அழறீங்களே' என்கிறாள் மனைவி. எனக்கும் உறுத்துகிறது.
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உறுத்தவே வேண்டாம், தம்பி. நீங்கள் அப்பாவுக்குத்தான் அழுதிருக்கிறீர்கள். மூத்த பிள்ளைக்குத் துக்க வீட்டில் அழ எங்கே நேரம்? ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தலுக்குச் சொல்ல வேண்டும், சுடுகாட்டுக்கு ஆள் சொல்ல வேண்டும், மெட்ராஸிலிருந்து கிளம்பிய அத்தை எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். உங்களிடம் யாரும் எதுவும் கேட்காத ஒரு ஐந்து நிமிஷம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

அந்தப் பாட்டைப் பற்றியும் சொல்கிறேன். மனைவியை இழந்த வால்செக் என்ற பிரபு, தன் பெயரைச் சொல்லாமல் ஆள் அனுப்பி, மொசார்ட்டை எழுதச் சொன்ன இசை அது. எழுதி முடிப்பதற்குள் 1791 டிசம்பர் 5-ஆம் தேதி மொசார்ட்டே இறந்துவிட்டார். வயது 35. லாக்ரிமோசாவில் அவர் கையால் எழுதியது முதல் 8 தாளக்கட்டுகள் மட்டும்தான். மிச்சத்தை அவரோடு வேலை பார்த்த சூஸ்மையர் முடித்தார்.

அந்த எட்டை மட்டும் மறுபடி ஒருமுறை கேளுங்கள். முதலில் வயலின்கள் இரண்டிரண்டு ஸ்வரமாக வாசிக்கும். நடுவில் சின்னச் சின்ன இடைவெளி. விம்மி அழுகிறவர் மூச்சு வாங்குவது அப்படித்தான் இருக்கும். அப்புறம் குரல்கள் மெதுவாக நுழையும். நுழைந்ததும் சொல்லைத் துண்டு துண்டாக விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறும். தாவல் கிடையாது. சத்தமும் கூடிக்கொண்டே போய் எட்டாவதில் முழுத் தொண்டையாகும். நெஞ்சுக்குள் கிடந்தது மேலே வரும் வழியும் இதேதான். இதற்கு லத்தீன் தெரிய வேண்டியதில்லை. தெரிந்துதான் ஆக வேண்டும் என்றால், அழுகையின் நாளைப் பற்றிச் சொல்லி, கடைசியில் 'இவர்களுக்கு இளைப்பாற்றி தாரும்' என்று கேட்கிறார்கள். நவம்பர் 2-ஆம் தேதி வேளாங்கண்ணிப் பக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் போனாலும், சாமந்தி மாலைக்கும் மெழுகுவர்த்திப் புகைக்கும் நடுவே 'நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே' என்று சொல்வது காதில் விழும். ரெக்வியம் தொடங்குவதும் இதே வேண்டுதலில்தான்.

இன்னொன்று. ஒருவர் பாடினால் நாம் அவரைப் பார்க்கிறோம். குரல் நடுங்குகிறதா, சுருதி சேர்கிறதா என்று ஒரு ஓரத்தில் கவனம் போய்விடும். ஐம்பது பேர் பாடும்போது பார்க்க ஆளே இல்லை. அந்தப் பாட்டு யாருடையதும் இல்லை, அதனால் உங்களுடையதும் ஆகிவிடுகிறது. நம் ஊர் ஒப்பாரியும் இப்படித்தான். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எடுத்துக் கொடுத்தவள் உடைந்து போனால் பக்கத்தில் இருப்பவள் அடுத்த வரியை எடுத்துவிடுவாள். வட்டம் நிற்காது. அந்த வட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லாமல் போனது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். பந்தலுக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஆண்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கே போய் அழுவார்கள்? உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். அடக்க ஆராதனைகளில் தொண்டை அடைத்துவிடுகிறது. வரும் வாரம் என் சொந்த அம்மாவின் முப்பதாம் நாள் ஆராதனை. குழுவோடு நின்று பாட ஆசை. முடியுமா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: முடியும், அம்மா. பாடுங்கள். முழுக்கப் பாடி முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

குழுவுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. நீளமான வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாங்கும்போது நீங்கள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் வாங்கும்போது அவர். சொல்லின் நடுவில்கூட வாங்கலாம், சத்தமில்லாமல் விட்டுச் சத்தமில்லாமல் சேர வேண்டும். கேட்பவருக்கு வரி அறுபடவே அறுபடாது. அழுகைக்கும் இதே ஏற்பாடுதான். அடைத்தால் நிறுத்துங்கள், வாயை மட்டும் அசையுங்கள், அடுத்த வரியில் சேருங்கள். என் அக்காவை அடக்கம் பண்ணிய அன்று மூன்றாவது சரணத்தில் என் குரல் போய்விட்டது. இடது பக்கம் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாடிக்கொண்டே தன் புத்தகத்தை என் முன்னால் கொஞ்சம் நகர்த்தி, நான் விட்ட வரியில் விரலை வைத்தார்.

மற்றபடி, அம்மாவின் படத்தைப் பார்க்காதீர்கள். சொல்ஃபா (ட, ர, ம என்ற ஸ்வர எழுத்துகள்) எழுதிய நோட்டையும் நடத்துகிறவர் கையையும் மட்டும் பாருங்கள். தாடையைத் தளர்த்தி வையுங்கள். பல்லைக் கடித்தால்தான் தொண்டை இறுகும். சுருதியை அரை ஸ்வரம் இறக்கச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தஞ்சாவூரில் 1798 பிப்ரவரியில் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் இறந்தபோது, உடலை ஆலயத்துக்கு எடுத்துப் போகும் வழியில் ஒரு பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. தோட்டத்தில் கூடியிருந்த ஜனங்களின் அழுகையில் பாட முடியாமலே போயிற்று. சரபோஜி மன்னரும் வந்து கண்ணீர் விட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை அடைத்தால் அப்படித்தான் ஆகும். உங்கள் குழுவில் இருபது பேர் இருந்தால் அன்றைக்கு அழாத பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களை நம்பிப் போய் நில்லுங்கள்.

கேள்வி: ரெக்வியம் போன்ற துக்க இசையைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவன் எங்கே தொடங்கலாம்?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியத்தில். வெர்டி எழுதிய ரெக்வியம் மகத்தானதுதான், ஆனால் அதன் பெரிய முரசு அதிரும் இடம் புதியவரைப் பயமுறுத்திவிடும். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பிராம்ஸின் தாய் 1865-ல் இறந்தார். 1868-ல் பெரிய வெள்ளியன்று பிரேமன் பேராலயத்தில் இந்த இசையை அவரே நடத்தினார். வழக்கமான லத்தீன் வார்த்தைகளை எடுக்காமல், லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த வேதாகமத்திலிருந்து தாமே வசனங்களைப் பொறுக்கினார். அதனால் இது போனவருக்காக மன்றாடுவதில்லை, இருப்பவரோடு பேசுகிறது. 'துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்றுதான் முதல் வரி. முதல் பகுதி முழுக்க வயலினே கிடையாது. வயோலாவும் செல்லோவும் அடித்தொண்டையில் போகும். ஐந்தாவது பகுதியை அந்த அரங்கேற்றத்துக்குப் பிறகு சேர்த்தார். அதில் ஒரு பெண் குரல் தனியாக மேலே பாட, கீழே குழு 'ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது பாஹின் மத்தேயு பாடுகள், அதாவது மத்தேயு எழுதிய இயேசுவின் பாடுகளை இசையில் சொல்வது. 'இரத்தம் காயம் குத்தும்' என்று பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் பாடுகிறோமே, அதே மெட்டு அதில் ஐந்து முறை வரும். இயேசு உயிர் விட்ட உடனே வருவதை விடாமல் கேளுங்கள். நாலு குரலில் ஒன்று பழைய ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். மற்றவை அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். ஒரு கணம் உரசும். பிறகு நின்றது ஒரு படி இறங்கிச் சேரும். துக்கம் பார்த்தவருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இப்போது துக்க வீட்டில் பென்டிரைவைச் செருகி ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள். சரிதானா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பீக்கர் யாருக்காகவும் நிற்காது, யாரையும் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. அதை அணைத்துவிட்டு, வந்தவர்களில் நாலு பேரைக் கூப்பிடுங்கள். சிவபுராணமோ, பஜனையோ, ஞானப்பாட்டோ, அந்த வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். எல்லோர் குரலுக்கும் எட்டும் சுருதியில், மைக் இல்லாமல் ஆரம்பியுங்கள். வெளியே நாற்காலியில் இருப்பவர்களில் சிலர் இரண்டாவது சரணத்தில் சேர்ந்துகொள்வார்கள். சேராவிட்டாலும் கடைசி வரி வரை பாடிவிடுங்கள்.