பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்த அமைப்பு ஏற்றது: அறக்கட்டளையா, சங்கமா, கூட்டுறவா?

கேள்வி: பாம்பன் அருகே உள்ள கடலோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் ஊரில் 45 பெண்கள் கடல் பாசி எடுக்கிறோம். பாசியை ஒன்றாகச் சேர்த்து விற்கவும், ஆபத்து அவசரத்துக்கு ஒரு நிதி வைத்துக்கொள்ளவும், அதிகாரிகளிடம் ஒரே குரலில் பேசவும் ஓர் அமைப்பைப் பதிவு செய்ய நினைக்கிறோம். டிரஸ்ட் தொடங்கினால் வெளியிலிருந்து பணம் வரும் என்கிறார் ஒருவர். சங்கம்தான் சரி என்கிறார் இன்னொருவர். தமிழ்நாட்டில் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றனவே, எங்களுடையது அவற்றில் எந்த வகையில் சேரும்?"

பதில்: நீங்கள் ஒரே அமைப்பிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்க நினைக்கிறீர்கள். விற்பனை ஒன்று, சேமிப்பும் உதவி நிதியும் மற்றொன்று, உரிமைக்காகப் பேசுவது மூன்றாவது. இவை மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு வடிவங்களை வைத்திருக்கிறது. எந்தப் பெயரில் பதிவு செய்வது என்று யோசிப்பதற்கு முன், மிஞ்சுகிற பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை 45 பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். லாப நோக்கற்ற அமைப்பு என்றால் அதில் பணம் மிஞ்சவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. பணம் மிஞ்சலாம், ஆனால் அதை உறுப்பினர்கள் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. பாசி விற்ற பணத்தில் செலவு போக நின்றதை நீங்கள் பிரித்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அந்த வேலைக்கு அறக்கட்டளையோ பதிவுச் சங்கமோ பொருந்தாது. அது உங்கள் உழைப்புக்கான வருமானம். அதைத் தொண்டு என்று எழுதி வைத்தால் பிற்பாடு வருமான வரித் துறையிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புகள் அனைத்தையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் ஏடு கிடையாது. சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகின்றன. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று அறக்கட்டளை ஆணையர் இருப்பதுபோல் இங்கே யாரும் இல்லாததால், அறக்கட்டளை ஆவணங்கள் அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தோடு நின்றுவிடுகின்றன. கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற நிறுவனங்கள் மத்திய அரசின் பதிவில் இருக்கின்றன. கோயில்களும் அவற்றின் கட்டளைகளும் 1959ஆம் ஆண்டின் சட்டப்படி இந்து சமய அறநிலையத் துறையின் கீழும், வக்பு சொத்துகள் வக்பு வாரியத்தின் கீழும் வருகின்றன. ஆகவே மாநிலத்தில் இத்தனை தொண்டு நிறுவனங்கள் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்த ஏட்டிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

ஏட்டில் இருப்பதெல்லாம் நடப்பில் இருப்பதும் இல்லை. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், 2008 வரை பதிவான சங்கங்கள் சுமார் 31.7 லட்சம். நேரில் தேடிப் போனபோது இருப்பதாகக் கண்டறியப்பட்டவை 7 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மற்றவற்றில் மூடப்பட்டவை உண்டு, இடம் மாறியவை உண்டு, முகவரியோடு நின்றுபோனவையும் உண்டு. பதிவு செய்வது எளிது, ஆண்டுதோறும் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

நம் கரையிலேயே எத்தனை வகை இருக்கின்றன என்று பாருங்கள். ராமேசுவர யாத்திரை வழியில் சேதுபதிகள் சத்திரங்களை நிறுவினார்கள். ஏர்வாடியில் தர்கா, கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ஜமாஅத்துகள், தங்கச்சிமடம் பக்கம் கிறித்தவப் பங்குப் பேரவைகள், மீனவர் குடியிருப்புகளில் ஊர்க் கமிட்டிகள் என்று பதிவுச் சான்றிதழைக் காட்டாமலே நிதி திரட்டி, வழக்குத் தீர்த்து, இறந்தவர் குடும்பத்துக்கு உதவும் அமைப்புகள் பல. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவை ஒட்டி, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையை அரசே நிறுவியது. பாம்பனில் 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலியும் லாப நோக்கற்றதுதான். அத்தகைய உரிமம் கேட்கும் அமைப்பு பதிவாகிக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்களின் தலைவியாக நின்று தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசை 2015இல் பெற்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தியைப் பற்றி நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெண்களின் பலம் கூட்டமைப்பாகச் சேர்ந்து நின்றதிலிருந்து வந்தது.

இனி உங்கள் தேர்வுக்கு வருகிறேன். அறக்கட்டளை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் அதிகாரம் முழுவதும் அறங்காவலர்களிடம் இருக்கும். ஆவணத்தில் கையெழுத்திட்ட மூன்று நான்கு பேர் முடிவெடுப்பார்கள், மற்ற 40க்கும் மேற்பட்ட பெண்களும் பயனாளிகள் மட்டுமே. கேள்வி கேட்கவும் அறங்காவலரை மாற்றவும் அவர்களுக்கு வாக்கு இராது. ஒரு செல்வர் தம் சொத்தைக் கல்விக்கோ மருத்துவத்துக்கோ எழுதி வைக்க அது நல்ல வடிவம். ஒரே தொழில் செய்யும் பெண்கள் சமமாகச் சேர்வதற்கு அது ஏற்றதன்று. 8ஆம் பிரிவு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஆகும் தணிக்கைச் செலவும் தாக்கல் செலவும் உங்கள் அளவுக்கு அதிகம்.

உரிமைக்குப் பேசவும் நலப் பணிகள் செய்யவும் பதிவுச் சங்கம் பொருத்தமானது. ஏழு பேர் இருந்தால் தொடங்கலாம். நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, ராமநாதபுரம் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குப் பதிவுத் துறையின் இணையதளமும் உண்டு. ஆளுக்கு ஒரு வாக்கு, ஆண்டுப் பொதுக்குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு என்ற ஒழுங்கு இதில் கிடைக்கிறது. பொதுக்குழு முடிந்ததும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்யத் தவறாதீர்கள். வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், நன்கொடையாளர் என யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாக்கல்தான்.

சேமிப்புக்கும் அவசரக் கடனுக்கும் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முறை இன்று ஊர்தோறும் இருக்கிறது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருக்கலாம் என்பதால் உங்கள் 45 பேரும் மூன்று குழுக்களாகலாம். பலர் ஏற்கெனவே ஏதாவது ஒரு குழுவில் இருப்பீர்கள். அவர்களை அங்கிருந்து இழுக்காதீர்கள், வங்கிக் கடன் நிலுவையில் இருக்கும்போது குழு மாறினால் இரு பக்கமும் சிக்கல் வரும்.

விற்பனைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மீன்வளத் துறையின் கீழ் வரும் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கம். உங்கள் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா, அது நடப்பில் இருக்கிறதா என்று உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். திட்ட உதவிகள் அந்த வழியாக வருவது இதன் நன்மை. அரசின் பிடி அதிகம் என்பதும், தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் போய்விடக்கூடும் என்பதும் இதன் குறை. மற்றொன்று கம்பெனிச் சட்டப்படி பதிவாகும் உற்பத்தியாளர் நிறுவனம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கலாம், லாபத்தைச் சட்டப்படி பிரித்துக்கொள்ளலாம், பங்கு எத்தனையானாலும் வாக்கு ஒன்றுதான். நோக்கங்களை எழுதும்போது பாசி சேகரிப்பும் வளர்ப்பும் சட்டம் சொல்லும் முதன்மை விளைபொருளுக்குள் அடங்கும்படி ஒரு பட்டயக் கணக்காளரைக் கொண்டு எழுதுவியுங்கள். கணக்குக்கும் தாக்கலுக்கும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் அளவு விற்பனை வராதவரை இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

எந்த வடிவமானாலும் வரவு நோட்டு ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்ற பாசி வகைகள் ஒரே விலைக்குப் போவதில்லை. யார், எந்தத் தேதியில், எந்தப் பாசியை, காய்ந்த எடையில் எத்தனை கிலோ போட்டார், வியாபாரியிடம் முன்பணம் எவ்வளவு வாங்கியிருந்தார், பிடித்தம் போக எவ்வளவு கைக்கு வந்தது என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி எழுதி, அவரிடமே கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். முன்பணக் கடன் இருக்கும்வரை ஒருவர் பாசியை வேறிடத்தில் போட முடியாது என்பதால், கூட்டு விற்பனை பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சங்கத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே இந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.

வெளிப்பணத்தைப் பற்றி ஒருவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவைப் பெற, அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணத்தை வாங்கிச் சிறு சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழக்கமும் 2020 சட்டத் திருத்தத்தோடு நின்றுவிட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் மூன்றாண்டு அனுபவமும், 12ஏ, 80ஜி என்று பழகிய பெயர்களில் நாம் சொல்லும், வரிச் சலுகைக்கான வருமான வரிப் பதிவுகளும் தேவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், பழைய படிவங்களை வைத்துக்கொண்டு வருகிற இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். மீனவர் நல வாரியத்தில் சேர்வது தனிநபர் உரிமை, அதற்குச் சங்கம் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதியுள்ள ஒவ்வொருவரும் இப்போதே விண்ணப்பியுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழ் தேசியப் பூங்காத் தீவுகளின் பக்கம் பாசி எடுக்க அனுமதி ஆகாது. அந்தப் பேச்சை வனத்துறையோடுதான் நடத்த வேண்டும், அதற்குப் போகும்போது செயற்குழுத் தீர்மானத்தின் நகலையும் எல்லா உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலையும் எடுத்துச் சென்று, மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள்.