'பர்ன்' ஆல்பத்தில் ஏன் இரண்டு குரல்கள்?

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு 'பர்ன்' போட்டால் பாடகரே வேறு ஆள் மாதிரி இருக்கிறார், அதுவும் இரண்டு பேர் பாடுவதுபோல் கேட்கிறது, தவறான கோப்பை இறக்கிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பு சரிதான், உங்கள் காதும் சரிதான்.

1972இல் வந்த மெஷின் ஹெட்டில் பாடியவர் இயன் கில்லன். அடுத்த ஆண்டே அவரும் பேஸ் கிட்டார் வாசித்த ராஜர் குளோவரும் விலகிவிட்டார்கள். குளோவர் இடத்துக்கு டிரபீஸ் குழுவிலிருந்து வந்த கிளென் ஹியூஸ் பேஸ் மட்டும் வாசிப்பவர் அல்ல, அபாரமான பாடகரும்கூட. அப்புறம் முதன்மைப் பாடகராக டேவிட் கவர்டேல் சேர்ந்தார். அதுவரை வெளியுலகம் அவரை அறியாது. 1974இல் வந்த பர்னில் இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கனத்த, அடித்தொண்டைக் குரல் கவர்டேல். சோல் என்னும் கறுப்பின அமெரிக்க இசையின் வாடையோடு உச்சத்துக்கு ஏறுவது ஹியூஸ். இருவரும் சேர்ந்து பாடும் இடங்களைக் கேட்டால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

ரசிகர்கள் இந்த அணிகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள். கில்லன் அணி மார்க் 2, பர்ன் அணி மார்க் 3. 1975இல் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் போய் டாமி போலின் வந்தது மார்க் 4. 1976இல் குழு கலைந்தது. 1984இல் மார்க் 2 அணி அப்படியே திரும்பி வந்தது. எல்லா அணிகளிலும் இருந்த ஒரே ஆள் டிரம்மர் இயன் பெய்ஸ்தான்.

கில்லன் குரல்தான் வேண்டுமென்றால் அடுத்து 1970இல் வந்த 'இன் ராக்' கேளுங்கள்.