ஏழே மாதத்தில் வங்கி வேலையை விட நினைக்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம். பி.காம். முடித்துத் தனியார் வங்கியில் சேர்ந்த உங்கள் மகள் ஏழு மாதங்களிலேயே விலக நினைப்பதை அவருடைய பொறுமையின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் ஆண்டுக்குச் சராசரியாக 25 விழுக்காட்டினர் வேலையை விட்டுச் செல்வதாக, 2024 டிசம்பரில் வெளியான ரிசர்வ் வங்கியின் அறிக்கையே கவலை தெரிவித்திருக்கிறது. பயிற்சி, மூத்தவர்களின் வழிகாட்டல், நல்ல பணிச்சூழல் ஆகியவற்றை வங்கிகள்தாம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நால்வரில் ஒருவர் வெளியேறும் இடத்தில், குறையை வெளியேறுபவரிடம் மட்டும் தேடுவது நியாயமாகாது.

அவரிடம் "ஏன் விடுகிறாய்?" என்று கேட்பதைவிட, "காலையிலிருந்து மாலைவரை என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேளுங்கள். வங்கி வேலை என்று நாம் நினைப்பது காசாளர், கணக்குப் பிரிவு, கடன் பிரிவு போன்றவற்றை. புதிதாகச் சேரும் பட்டதாரிகளில் பலருக்குக் கிடைப்பதோ விற்பனைப் பிரிவு. மாதந்தோறும் இத்தனை சேமிப்புக் கணக்குகள், இத்தனை காப்பீட்டுப் பாலிசிகள் என்று டார்கெட் இருக்கும். மாதம் முடிந்ததும் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். தெரிந்தவர்களிடமெல்லாம் பாலிசி விற்று முடித்த பிறகு யாரிடம் போவது என்ற தவிப்பில் தூக்கம் இழந்த பிள்ளைகள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். உங்கள் மகளின் சிக்கல் இதுதான் என்றால், வேலையை விடுவதற்கு முன் கிளையின் உள்பணிகளுக்கோ கடன் பிரிவுக்கோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் கேட்கட்டும். மேலாளர் தரக்குறைவாகப் பேசுவதோ இரவு வரை நிறுத்திவைப்பதோ காரணமாக இருந்தால், அங்கேயே நீடிக்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

விலகி அரசு வங்கிக்கு முயல நினைக்கிறார் என்றால், அதுவும் நல்லதுதான். பெரும்பாலான அரசு வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் எழுத்தர் தேர்வுக்குப் பொதுப் பிரிவினரின் வயது வரம்பு 28, புரொபேஷனரி அலுவலர் (பயிற்சி நிலை அதிகாரி) தேர்வுக்கு 30. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மேலும் 3 ஆண்டுகள் சலுகை உண்டு. எழுத்தர் பணிக்கு ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிப்பதால், தமிழ்நாட்டைக் குறிப்பிட்டால் இங்கேயே பணியாற்றலாம். அலுவலரையோ இந்தியாவின் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள். அரசு வங்கிக் கிளைகளிலும் ஆள் பற்றாக்குறையும் காப்பீட்டு விற்பனை நெருக்கடியும் இருக்கின்றன என்பதை அவர் இப்போதே அறிந்திருக்க வேண்டும். 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை, புதிய ஓய்வூதியத் திட்டம்தான். ஆனாலும் தேர்வுக்குப் படிப்பதற்காக வேலையை உடனே உதற வேண்டியதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் பிரிவுக்கு மாறினாலே முதல்நிலைத் தேர்வுக்குப் படித்துவிடலாம்.

விலகுவதென்றே முடிவானால், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் பணி நியமன ஆணையை நீங்கள் இருவரும் சேர்ந்து வரி விடாமல் படியுங்கள். முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள், பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை உண்டா என்பவை அதில் இருக்கும். பணி விடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றையும் கையில் வாங்காமல் வெளியே வர வேண்டாம். அடுத்த நிறுவனம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.