கேள்வி பதில்: சாசனம், பன்னி, ப்ரெசிடென்ட்

கேள்வி: சார், இங்கிலாந்து ராஜா வேணாம்னு சண்ட போட்டு பிரிஞ்ச நாடு அமெரிக்கா. அப்புறம் அந்த அரசாங்கத்துக்கு வேர் இங்கிலாந்துலதான்னு புக்ல எல்லாம் எழுதறாங்களே, இது இடிக்குதே?

பதில்: இடிக்கல, ஏன்னா அவங்க சண்டைய ஆரம்பிச்சதே "நாங்களும் இங்கிலீஷ்காரங்கதான், லண்டன்ல இருக்கறவனுக்கு உள்ள உரிமை எங்களுக்கு மட்டும் ஏன் கிடையாது"ன்னு கேட்டுதான். 1215-ல ஜான் ராஜாவ மடக்கி பிரபுக்கள் மக்னா கார்ட்டாவுக்கு, அதாவது ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்ங்கற சாசனத்துக்கு, சீல் வாங்குனாங்க, 1628-ல பார்லிமென்ட் ஒத்துக்காம வரி போடக்கூடாதுன்னு முதலாம் சார்லஸ் கிட்ட மனு குடுத்து சம்மதிக்க வெச்சாங்க, 1689-ல உரிமைச் சட்டமே வந்துடுச்சு, இதெல்லாம் காலனிக்காரனுக்கும் மனப்பாடம். அப்படி இருக்கறவன் தலைல 1765-ல ஸ்டாம்ப் ஆக்ட்டக் கொண்டு வந்து வெச்சா? நியூஸ்பேப்பர், பத்திரம், ஏன் சீட்டுக்கட்டுக்குக் கூட முத்திரை வரி. நாங்க ஓட்டே போடாத பார்லிமென்ட் எங்க பாக்கெட்ல கைய விடக்கூடாதுன்னு எகிறிட்டாங்க. 1766-ல வரிய வாபஸ் வாங்குனாங்க, ஆனா அதே நாள்ல "எந்த விஷயத்துலயும் காலனிகளுக்கு சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு"ன்னு இன்னொரு சட்டத்தையும் பாஸ் பண்ணிட்டாங்க. எரியுற கொள்ளில எண்ணெய் ஊத்துன கதைதான்.

எவ்வளவு தூரம் அப்படியே எடுத்துக்கிட்டாங்கன்னு பாக்கணும்னா அமெரிக்க அரசியலமைப்போட எட்டாவது திருத்தத்தப் படிங்க. அளவுக்கு மீறி ஜாமீன் கேக்கக்கூடாது, அளவுக்கு மீறி அபராதம் கூடாது, கொடூரமான வழக்கத்துல இல்லாத தண்டனை கூடாது. இங்கிலாந்தோட 1689 சட்டத்துல இருக்கற வாசகம் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

கேள்வி: அங்க முதல் சட்டசபை எப்ப கூடுச்சு? ராஜா உத்தரவு போட்டாரா?

பதில்: ராஜா இல்ல, கம்பெனி. வர்ஜீனியாவுல ஜேம்ஸ்டவுன்ங்கற இடத்துல 1607-ல ஆளுங்கள குடியேத்துனது வர்ஜீனியா கம்பெனி, அதாவது லண்டன்ல பங்கு வித்து நடத்துன வியாபாரம். ஆளுங்க செத்துக்கிட்டே இருந்தாங்க, லாபமும் வரல, புதுசா ஆள் வரணும்னா கொஞ்சம் உரிமை குடுத்தாத்தான் ஆகும்னு கம்பெனிக்கே தோணிப்போச்சு. 1619 ஜூலை 30-ம் தேதி அங்க இருந்த சர்ச்ல முதல் கூட்டம், 11 குடியிருப்புல இருந்து ரெண்டு ரெண்டு பேரா மொத்தம் 22 பிரதிநிதிங்க வந்தாங்க.

இதுல எனக்குப் புடிச்ச இடம் மார்ட்டின்னு ஒரு கேப்டன் விவகாரம். அவர் தோட்டத்து பட்டாவுலயே காலனி சட்டம் இவரக் கட்டுப்படுத்தாதுன்னு விலக்கு இருந்துச்சு. சபை என்ன சொல்லுச்சுன்னா, நாங்க போடற சட்டத்துக்கு நீ கட்டுப்படமாட்டேன்னா உன் ஆளுங்க மட்டும் ஏன் இங்க உக்காந்து எங்களுக்கு சட்டம் போடணும், விலக்க விட்டுக்குடுன்னு. அவர் முடியாதுன்னுட்டார், அவரோட ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டாங்க. கூடுன முதல் வாரத்துலயே இப்படி ஒரு தெளிவு! ஆகஸ்ட் 4-ம் தேதியோட கலைஞ்சிட்டாங்க, காரணம் வெயில், உறுப்பினர் ஒருத்தர் செத்தே போயிட்டார்.

இதையும் சேத்துத்தான் சொல்லணும்: அந்த ஆகஸ்ட் கடைசிலதான் ஆப்பிரிக்காவுல இருந்து புடிச்சுட்டு வந்த இருபது சொச்சம் பேர அதே வர்ஜீனியாவுல எறக்கி வித்தாங்க. சட்டசபையும் அடிமை வியாபாரமும் ஒரே கோடைல அங்க வந்து சேந்துச்சு, ஒண்ண மட்டும் கொண்டாடிட்டு இன்னொண்ண மறைக்கறது நியாயமில்ல.

கேள்வி: செனட், பிரதிநிதிகள் சபைன்னு ரெண்டு எதுக்கு? ஒண்ணு பத்தாதா?

பதில்: இங்கிலாந்துல பிரபுக்கள் சபை, காமன்ஸ்னு ரெண்டு இருந்துச்சு, அந்தப் பழக்கம்தான்னு சுருக்கமா சொல்லிடலாம். ஆனா மாசசூசெட்ஸ்ல அது நடந்த விதம் சுவாரஸ்யம். அங்க ஒரு பொம்பள, ஷெர்மன்னு பேரு, அவங்க வளத்த பன்னி காணாமப் போச்சு, அத பாஸ்டன் வியாபாரி ராபர்ட் கீன் அடிச்சு சாப்பிட்டுட்டார்னு வழக்கு. அவர் பணக்காரர், அதிக விலைக்கு வித்தார்னு ஏற்கெனவே அபராதம் கட்டுனவர், ஊர்ல நல்ல பேரு கிடையாது. கீழ் கோர்ட்டுல அவர்தான் ஜெயிச்சார். கேஸ் 1642-ல காலனிக்கு சட்டம் போடற மன்றத்துக்கே போச்சு, ஊர் பிரதிநிதிங்க நிறைய பேர் அந்தம்மா பக்கம், மேல்மட்ட மாஜிஸ்ட்ரேட்டுங்க முக்காவாசி பேர் வியாபாரி பக்கம். மாஜிஸ்ட்ரேட்டுங்க எண்ணிக்கைல கம்மி, ஆனா எங்க சம்மதம் இல்லாம எதுவும் நடக்காதுன்னு பிடிவாதம். இழுத்து இழுத்து 1644-ல ரெண்டு தரப்பும் தனித்தனி சபையா உக்கார ஆரம்பிச்சாங்க. பன்னி கத சின்னப்புள்ளத்தனமா இருக்கலாம், ஆனா எண்ணிக்கை பெருசா அந்தஸ்து பெருசாங்கற சண்ட நெசம், அது 1787-ல அரசியலமைப்பு எழுத ஃபிலடெல்ஃபியாவுல கூடுனப்பவும் வேற ரூபத்துல வந்துச்சு, பெரிய மாநிலம் சின்ன மாநிலம்னு.

கேள்வி: இங்கிலாந்துக்கு எழுதுன அரசியலமைப்பே இல்லையாமே, இவங்க மட்டும் ஏன் எழுதுனாங்க?

பதில்: நல்ல கேள்வி, என் கணக்குல மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. காலனிங்க பொறந்ததே காகிதத்துல. ராஜா கம்பெனிக்கோ தனி ஆளுக்கோ சாசனம் குடுப்பார், யாருக்கு என்ன அதிகாரம், எது வரைக்கும்னு அதுல எழுதியிருக்கும். 1629-ல மாசசூசெட்ஸ் கம்பெனிக்குக் குடுத்த சாசனத்துல கம்பெனி கூட்டம் இங்கிலாந்துலதான் நடக்கணும்னு எழுதல, சரின்னு அடுத்த வருஷம் கப்பல் ஏறும்போது சாசனத்தையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க! பங்குதாரர் கூட்டமா இருந்தது அங்க போய் அரசாங்கம் ஆயிடுச்சு. நூத்தம்பது வருஷம் இப்படி "சாசனத்துல என்ன இருக்கு காட்டு"ன்னே வாழ்ந்தவங்க, எழுதி வெச்சாத்தான் நம்புவாங்க. ரோட் ஐலண்ட் 1663 சாசனத்தவே வெச்சுக்கிட்டு 1843 வரைக்கும் ஓட்டுச்சுன்னா பாத்துக்குங்க, சுதந்திரம் வாங்குனப்பறமும்.

கேள்வி: ப்ரெசிடென்ட்னா பேர மாத்துன ராஜாதானே?

பதில்: பாதி சரி. காலனி கவர்னருங்க கிட்ட பட்ட பாட்டுல பென்சில்வேனியா 1776-ல கவர்னர் பதவியே வேணாம்னு ஒரு கவுன்சில வெச்சுது. அது அவ்வளவா சரிப்படல. மாசசூசெட்ஸ் 1780-ல கவர்னருக்கு வீட்டோ, அதாவது சபை போட்ட சட்டத்தத் தடுக்கற அதிகாரம் குடுத்து, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தா அதத் தாண்டலாம்னு வெச்சுது, 1787-ல அதத்தான் ப்ரெசிடென்ட்டுக்கும் போட்டாங்க.

ராஜாவ பதவி நீக்க முடியாது, ப்ரெசிடென்ட்ட முடியும். அந்த முறையும் பார்லிமென்ட் சரக்குதான், கூடவே வங்காளத்துல கவர்னர் ஜெனரலா இருந்த நம்ம வாரன் ஹேஸ்டிங்ஸ் அதுல வர்றார். 1787 செப்டம்பர் 8-ம் தேதி ஃபிலடெல்ஃபியா விவாதத்துல தேசத்துரோகம், லஞ்சம் ரெண்டுக்கு மட்டும்தான் பதவி நீக்கம்னு இருந்துச்சு. ஜார்ஜ் மேசன்னு ஒரு பிரதிநிதி எந்திரிச்சு, ஹேஸ்டிங்ஸ் பண்ணது தேசத்துரோகம் இல்லையே, அப்ப அந்த மாதிரி ஆள் தப்பிச்சிடுவானேன்னு கேட்டு, மோசமான நிர்வாகத்தையும் சேருங்கன்னார். இன்னொரு பிரதிநிதி மேடிசன் அது ரொம்ப வழவழான்னு இருக்கு, செனட்டுக்குப் புடிக்கற வரைக்கும்தான் பதவின்னு ஆயிடும்னு தடுத்தார். மேசன் உடனே இங்கிலீஷ் பார்லிமென்ட் நாலு நூற்றாண்டா புழங்குன "பெருங்குற்றங்கள், முறைகேடுகள்"ங்கற வாசகத்த எடுத்து வெச்சார், பாஸ் ஆயிடுச்சு. ஹேஸ்டிங்ஸ் விஷயம்? லண்டன்ல 1788-ல ஆரம்பிச்ச விசாரணை 1795-ல முடிஞ்சு அவர விடுதலை பண்ணிட்டாங்க.

கேள்வி: இங்கிலாந்துல இருந்து வேணும்னே எடுத்துக்காதது ஏதாவது?

பதில்: பிரபு பட்டம் குடுக்கக்கூடாதுன்னு எழுதியே வெச்சாங்க. தேசத்துக்குன்னு அரசாங்க மதம் கிடையாது. அப்புறம் மந்திரியா இருக்கறவர் காங்கிரஸ்ல, அதாவது அவங்க பார்லிமென்ட்ல, உறுப்பினரா இருக்க முடியாது, ஏன்னா லண்டன்ல ராஜா பதவி குடுத்தே எம்.பி.க்கள வளைச்சுப் போட்டத இவங்க தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க.